கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டும் தம்பிகளுக்கும் உரிமையாளர்களுக்கும்

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி எழுதுகிறேன். வாடகையைப் பற்றி இல்லை, பயப்பட வேண்டாம்.

போன தை மாதம் என் வயலில் அறுத்த நெல்லை டேங்கிலிருந்து கொட்டும்போது ஒரு கை அள்ளிப் பார்த்தேன். நெல்லோடு நெல்லாக உமி உரிந்த அரிசி வெள்ளையாகக் கிடந்தது. அரைக்கும் முன்பே வயலில் அரிசி! முழுதாக இருந்த பத்து நெல்லை நகத்தால் உரித்து, செல்போன் டார்ச்சுக்கு நேரே பிடித்தேன். நாலில் குறுக்கே மயிரிழை போல வெள்ளைக் கோடு. அந்த நாலும் மில்லில் பச்சரிசிக்குப் போட்டால் குருணைதான். புழுங்க வைத்தால் அவியும்போது விரிசல் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இது பல பேர் கண்ணில் படுவதில்லை.

எல்லா விரிசலையும் உங்கள் தலையில் கட்ட மாட்டேன். முற்றிக் காய்ந்த கதிரை நாள் கடத்தி வயலிலேயே விட்டால், ராத்திரிப் பனியைக் குடித்துத் தானாகவே நெல் வெடிக்கும். அது எங்கள் தப்பு. ஆனால் உமி உரிவது, மிஷினுக்குள் கதிரை அடித்து நெல்லை உதிர்க்கும் டிரம் அடிக்கிற அடி. காலையில் தாள் ஈரமாக இருக்கும்போது வேகம் கூட்டுகிறீர்கள், சரி. பதினொரு மணிக்கு வெயிலேறித் தாள் மொடமொடவென்று ஆன பிறகும் அதே வேகம் எதற்கு? மணிக்கணக்கு வாடகை என்பதால் வரப்பில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவதும் நாங்கள்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விதை நெல் விஷயம்தான் எனக்குப் பெரிது. அப்பா காலத்தில் கதிர்க் கட்டைத் தூக்கிக் கல்லில் இரண்டு அடி. நன்றாக முற்றிய மணி முதலில் உதிரும். அந்தத் தலையடி நெல்தான் விதைக்கு. தாளில் மிஞ்சியதைப் போர் போட்டு மாடு விட்டு மிதிப்பார்கள். (போர் சூடேறி நெல் மஞ்சளானதும் உண்டு, மண்ணும் கல்லும் சேர்ந்ததும் உண்டு. பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை.) விதைக்கு நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும். முளை இருக்கும் முனையில் அடிபட்ட நெல் எப்படி முளைக்கும்?

அப்புறம் கலப்பு. முந்தின வயலின் நெல் டேங்க் மூலையிலும் நெல் கொட்டும் குழாயிலும் தங்கிவிடுகிறது. மாப்பிள்ளைச் சம்பாவுக்குள் வெள்ளைப் பொன்னி வந்தால், மறு வருஷம் வயலில் உயரமும் குட்டையுமாக நிற்கும்.

அதனால் கேட்பது இவ்வளவுதான். வெயிலேறியதும் இறங்கி டேங்கில் கைவிட்டுப் பாருங்கள். உரிந்த அரிசி கண்ணில் பட்டால் டிரம் வேகத்தைக் குறையுங்கள். விதை வயல் என்று சொன்னால், மிஷினைச் சும்மா ஓட்டி, டேங்கைக் கூட்டிவிட்டு இறங்குங்கள். முதலில் கொட்டுகிற நெல்லைத் தனிச் சாக்கில் பிடித்து நாங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்கிறோம். கூட்டுகிற அரைமணி நேரத்துக்கும் வாடகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.