80 மணி நேர டெஸ்ட்டை நம்பலாமா?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. குடித்து 80 மணி நேரம் வரை சிறுநீரில் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லி, உங்கள் குடிநோய் மறுவாழ்வு மையத்துக்கு ‘80 மணி நேர டெஸ்ட்’ கிட் விற்க ஒருவர் வந்தார் என்றாயே, அந்த 80 விளம்பரக் கணக்கு.

குடித்த ஆல்கஹால் சிறுநீரில் ஏறக்குறைய அரை நாள்தான் இருக்கும். குடித்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதைக் கல்லீரல் ஈடிஜி என்ற பொருளாக மாற்றுகிறது. அது சிறுநீரில் இன்னும் அதிக நேரம் தங்கும், கிட் தேடுவது அதைத்தான். எத்தனை நாள் தெரியும் என்பது குடித்த அளவையும் கிட்டின் கட்-ஆஃபையும் (எவ்வளவு ஈடிஜி இருந்தால் பாசிட்டிவ் என்ற எல்லை) பொறுத்தது. மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் கட்-ஆஃபில், ஒன்றிரண்டு பீர் ஒரு நாள் தாண்டித் தெரிவதே அரிது. ஒரே இரவில் மூக்குமுட்டக் குடித்தவருக்கு 2, 3 நாள். தினமும் குடித்துவந்தவருக்கு, அதுவும் சிறுநீரகக் கோளாறு இருந்தால், 4, 5 நாள்கூட இழுக்கும். புதிதாகச் சேர்ந்தவரிடம் மூன்றாம் நாள் பாசிட்டிவ் வந்தால், ‘உள்ளே வந்தும் குடித்தாயா’ என்று பாய்ந்துவிடாதீர்கள்.

100 கட்-ஆஃப் கிட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மவுத்வாஷ், சானிடைசர்கூட அதில் பாசிட்டிவ் காட்டிவிடும்.

ஸ்ட்ரிப்பைப் படிப்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ‘டி’ (டெஸ்ட்) இடத்தில் கோடு வந்தால் நெகட்டிவ், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி. கோடே வராவிட்டால்தான் பாசிட்டிவ். ஸ்ட்ரிப் வேலை செய்ததைக் காட்டும் ‘சி’ (கன்ட்ரோல்) கோடு இல்லையென்றால் அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போடு.

குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருபவர்களும் உண்டு. சிறுநீரில் எப்போதும் இருக்கும் கழிவுப் பொருளான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சிறுநீர் நீர்த்திருக்கிறது. அதில் வரும் நெகட்டிவுக்கு மதிப்பில்லை, வேறு சாம்பிள் எடு.

சாம்பிளை மதியம் முழுக்க மேஜையில் வைக்காதே. சிறுநீர்த் தொற்று உள்ளவரின் சாம்பிளில் ஈ.கோலை கிருமி ஈடிஜியைத் தின்றுவிடும். சர்க்கரை நோயாளியின் சாம்பிளில் ஈஸ்ட் இருந்தால் பாட்டிலுக்குள்ளேயே ஆல்கஹால் ஊறும், கூடவே ஈ.கோலையும் இருந்தால் அதை ஈடிஜியாக மாற்றிவிடலாம், குடிக்காதவர் மாட்டிக்கொள்வார். எடுத்ததும் ஃப்ரிட்ஜில் வை.

ஒருவரை வெளியே அனுப்பும் அளவுக்கு விஷயம் போனால் ஸ்ட்ரிப் போதாது. எல்சி-எம்எஸ் (பொருள்களைப் பிரித்துத் துல்லியமாக அளக்கும் கருவி) வசதியுள்ள லேபுக்கு அனுப்பி, ஆல்கஹாலிலிருந்து உடல் உண்டாக்கும் இன்னொரு பொருளான ஈடிஎஸ்ஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல். அதை ஈ.கோலை எளிதில் சிதைக்காது. போன மாதம் முழுக்கக் குடித்தாரா என்று குடும்பத்தார் கேட்டால் சிறுநீர் சொல்லாது. அதற்கு, குடித்தால் ரத்தத்தில் உருவாகும் பிஇடிஎச் என்ற பொருளைப் பார்க்க வேண்டும், 2 முதல் 4 வாரம் வரை தெரியும்.

கிட் பெட்டியில் கட்-ஆஃப் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது. அதுவரை பணம் கொடுக்காதே.

அன்புடன்,
ராமு