பிழை திருத்த முடியாத எழுத்துகள்

அன்புள்ள கயலுக்கு,

லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் கருஞ்சிவப்பு ஓவியங்களுக்கு முன்னால் நின்று நீ எடுத்தனுப்பிய படத்தையும், "இதை நானே வரைந்துவிடுவேன், ஒன்றும் புரியவில்லை அப்பா" என்று நீ எழுதியிருந்ததையும் பார்த்து அம்மா சிரித்துவிட்டாள். ஏறத்தாழ அதே சொற்களை நானும் ஒருமுறை சொல்லியிருப்பதால் எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

திருவனந்தபுரத்தில் கோவில் நடை சாத்தியிருந்த ஒரு மதிய வேளையில், பொழுதைப் போக்க அருங்காட்சியக வளாகத்திலுள்ள கே.சி.எஸ். பணிக்கர் ஓவியக்கூடத்துக்குப் போனேன். ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்களும், அவற்றைச் சுற்றி எறும்பு வரிசையாய் நெருங்கிய எழுத்துகளும் கொண்ட ஓர் ஓவியம் அங்கே இருந்தது. அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்தவன் எழுத்தைக் கண்டால் சும்மா இருப்பானா? மலையாளம் என்று எண்ணிக் கூட்டிக் கூட்டிப் படிக்க முயன்று தோற்று, காவலரிடம் கேட்டேன். "வாயிக்கான் பற்றில்லா, சாரே", படிக்க முடியாது என்றார் அவர். அவை எந்த மொழிக்கும் உரிய எழுத்துகள் அல்ல. எனக்குக் கோபமே வந்தது.

பத்திகளின் அமைப்பைச் சரிபார்க்கப் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம்; அப்போது சொற்கள் மறைந்து, கறுப்பு எங்கே நெருங்குகிறது, வெள்ளை எங்கே பிளந்து ஓடுகிறது என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அந்த ஓவியத்தையும் அப்படிப் பார்க்கலாமே என்று தோன்றியது. படிப்பதை நிறுத்தியதும், நெருக்கமான வரிகளுக்கு நடுவே ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருப்பதும், அதை நோக்கியே கண் திரும்பத் திரும்பப் போவதும் தெரிந்தன. நடை திறக்கும் நேரம் தாண்டியதை அம்மாதான் வந்து சொன்னாள்.

"நானே வரைந்துவிடுவேன்" என்பதற்கு வருகிறேன். கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து பெயர் பெற்ற பிறகுதான், 1963 வாக்கில் பணிக்கர் இந்தச் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார்; ஆகவே அது கைவராதவர் செய்த வேலை அன்று. ரோத்கோவும் விளையாட்டாகச் செய்தவர் அல்லர். நீ பார்த்த ஓவியங்கள், நியூயார்க்கில் ஓர் ஆடம்பர உணவகத்துக்காக 1958இல் அவர் ஒப்புக்கொண்ட வேலை. சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேல் அவை தொங்குவது பிடிக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றுள் ஒன்பது ஓவியங்கள் லண்டன் வந்து சேர்ந்த 1970 பிப்ரவரி 25ஆம் நாளில்தான் அவர் இறந்துபோனார்.

நவீன ஓவியம் எல்லாமே உயர்ந்தது என்று நான் வாதிட வரவில்லை. பல என்னை அசைத்ததில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் நீண்ட விளக்கங்கள் அதைவிடவும் மோசம்.

முடிந்தால் இன்னொரு நாள் போய் ஒரே ஓர் ஓவியத்தின் முன் கால்மணி நேரம் உட்கார். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும், விளக்க அட்டையைக் கடைசியில் படி. சிவப்பு கறுப்பைத் தொடும் விளிம்பு வெட்டினாற்போல் இருக்கிறதா, ஈரத்துணியில் மை ஊறினாற்போல் இருக்கிறதா என்பது நீ அனுப்பிய படத்தில் தெரியவில்லை. பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா