மண்டபக் கூரையில் அருந்ததி இல்லை

தண்டையார்பேட்டை
சித்திரை, ஞாயிறு இரவு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். விசா கைக்கு வந்ததை அப்பா போனில் சொல்லியிருப்பார். நான் சொல்லவேண்டியதைப் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று ஓட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ரிட்டயரான டீச்சர் கையில் பேனா கிடைத்தால் சுருக்கமாக முடியாது, பொறுத்துக்கொள்.

ஆவணியில் கனடாவில், உங்க எட்மன்டனிலேயே உனக்குக் கல்யாணம். அம்மி மிதித்து, மெட்டி போட்டு முடித்ததும் ஐயர் உங்கள் இரண்டு பேரையும் வாசல் பக்கம் கூட்டிப்போய், "அருந்ததி பாருங்கோ" என்று மேலே கையைக் காட்டுவார். காலை பதினோரு மணி வெயிலில். நீங்கள் தலையாட்டுவீர்கள், போட்டோகிராபர் க்ளிக் பண்ணுவார், அடுத்த சடங்குக்குப் போய்விடுவார்கள். நானும் உங்கப்பாவும் அப்படித்தான் ஆட்டினோம். அன்றைக்கு நாங்கள் பார்த்தது ராயபுரத்து மண்டபத்தின் சீலிங் ஃபேனை.

கிருஹ்ய சூத்திரங்களில் இந்தச் சடங்கு ராத்திரிக்கு உரியது. நட்சத்திரம் முளைத்த பிறகு மாப்பிள்ளை பெண்ணை வெளியே அழைத்துவந்து துருவனையும் அருந்ததியையும் காட்ட வேண்டும். முகூர்த்தம் பகலுக்கு வந்துவிட்டது, சடங்கு மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஐயரோடு சண்டை போடச் சொல்லவில்லை. அவர் காட்டும்போது பார்த்துவிடு. அன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் நிஜமாகவே பார். விருந்தாளிகளை நான் கவனித்துக்கொள்கிறேன்.

எப்படிப் பிடிப்பது என்று சொல்கிறேன். ஆவணியில் ராத்திரி பத்தரை மணிக்கு எட்மன்டனில் வடமேற்கே பார்த்து நில். சப்தரிஷி மண்டலம் அகப்பை மாதிரி, கிண்ணம் கீழே, காம்பு மேலே என்று நிற்கும். கிண்ணத்து நாலு பேர் கிருது, புலகர், புலஸ்தியர், அத்ரி. காம்பில் ஆங்கிரசர், வசிஷ்டர், கடைசியில் மரீசி. காம்பின் நடுவில் இருக்கிற வசிஷ்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார். அவர் பக்கத்திலேயே ஒட்டின மாதிரி ஒரு பொடி நட்சத்திரம் தெரியும். அதுதான் அருந்ததி. மேல்நாட்டு வரைபடத்தில் மிசார், ஆல்கார் என்று போட்டிருப்பார்கள்.

உங்க ஊரில் இது சுலபம். தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் வசிஷ்டர் வரைக்கும்தான் மரியாதை. மணலி எண்ணெய் ஆலையில் ராத்திரி பூரா எரியும் கொழுந்து ஒரு புறம், துறைமுகத்து விளக்குகள் மறுபுறம், நடுவில் தெரு முழுக்க வெள்ளை எல்.ஈ.டி. வசிஷ்டரைவிட அருந்ததி ஏறக்குறைய 6 மடங்கு மங்கல். இந்தப் பிரகாசக் கணக்கை இன்று உலகமே பயன்படுத்தும் அளவுகோலாக 1856ல் வகுத்துக் கொடுத்தவர் நார்மன் போக்சன். பிறகு அவர் 1861லிருந்து சாகும்வரை முப்பது வருடம் நம்ம நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில்தான் உட்கார்ந்திருந்தார், தெரியுமா? அவர் காலத்து மெட்ராஸில் நட்சத்திரம் எண்ண ஆசையாக இருந்திருக்கும். இன்றைக்கு ஏரியா முழுக்கக் கரண்ட் போனால்தான் அருந்ததி தரிசனம். போன வாரம் போனது. எதிர்வீட்டு ஆயா விசிறியோடு வந்து, "என்னம்மா டீச்சர், வானத்துல என்ன தேடுற?" என்றார். காட்டினேன். கண்ணாடி போடாமலே பார்த்துவிட்டார், கிழவிக்கு அப்படி ஒரு பார்வை.

இனி கதைக்கு வருகிறேன். சங்கப் புலவர்களே இவளை வடமீன் என்று கற்புக்கு உவமை சொல்லிவிட்டார்கள். ஆனால் அருந்ததி தனியாக அங்கே நிற்பதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. ஏழு ரிஷிகளுக்கும் மனைவிமார் இருந்தார்கள். அக்னி அவர்கள் மேல் ஆசைப்பட்டான். அக்னி மேல் ஆசைப்பட்ட சுவாகா, அந்தப் பெண்களின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். ஆறு உருவம் எடுக்க முடிந்தது, அருந்ததியின் உருவம் மட்டும் வசப்படவில்லை. விஷயம் வெளியே வந்ததும் ரிஷிகள் என்ன செய்தார்கள்? ஆறு பேரையும் விரட்டிவிட்டார்கள். அவர்கள்தான் கார்த்திகைப் பெண்களாகி முருகனுக்குப் பாலூட்டியவர்கள். இன்றைக்கும் வானத்தில் சப்தரிஷிகளிடமிருந்து வெகுதூரம் தள்ளி, அறுமீனாகக் கூடி நிற்கிறார்கள்.

ஒரு தப்பும் செய்யாத ஆறு பேர். கல்யாணத்தில் அருந்ததியைக் காட்டுகிறவர்கள் இந்த ஆறு பேரைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். கந்தகோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைப்புதான் வரும்.

கிரேக்கர்கள் இதே நட்சத்திரங்களைப் பெருங்கரடி என்றார்கள். அங்கேயும் நியாயம் இதே லட்சணம்தான். கல்லிஸ்டோ என்கிற வேட்டைக்காரப் பெண்ணை ஜீயஸ் ஏமாற்றிக் கெடுத்தான். அவன் மனைவி ஹீரா தண்டனை கொடுத்தது யாருக்கு? கல்லிஸ்டோவுக்கு. கரடியாக்கிக் காட்டில் விட்டாள். வருடங்கள் கழித்து அவள் பெற்ற மகன் ஆர்காஸ், அம்மா என்று தெரியாமல் அவள் மேலேயே ஈட்டியை ஓங்கினான். அந்த நேரத்தில் ஜீயஸ் இரண்டு பேரையும் வானத்தில் தூக்கி வைத்தான். ஹீராவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. தன்னை வளர்த்த கடல் தெய்வங்களிடம் போய், இந்தக் கரடி ஒருநாளும் உங்கள் தண்ணீரில் இறங்கிக் குளிக்கக்கூடாது என்று வரம் வாங்கிவிட்டாள். கிரேக்க நாட்டிலிருந்து பார்த்தால் அந்தக் காலத்தில் இந்த ஏழும் அடிவானத்துக்குக் கீழே இறங்காது. அதற்குத்தான் இந்தக் கதை.

ஹீராவின் சாபம் காசிமேட்டில் பலிக்காது! நாம் இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். துருவ நட்சத்திரமே இங்கே அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், கட்டடங்களுக்கு நடுவில் தேடினால்கூடக் கிடைக்காது. சப்தரிஷிகள் தினமும் மறைந்து தினமும் எழுகிறார்கள். தை மாத ராத்திரிகளில் மீன்பிடித் துறைமுகத்து அலைத்தடுப்புக் கல்லில் உட்கார்ந்து வடகிழக்கே பார்த்தால், முதலில் கிருது, அப்புறம் ஒவ்வொருவராகக் கடலுக்குள்ளிருந்து ஏறி வருவார்கள். கரடி நன்றாகக் குளித்துவிட்டுத்தான் வருகிறாள். உங்க ஊர் 53 டிகிரிக்கும் மேலே. அங்கே கடலே இல்லை, ஆனால் சாபம் மட்டும் அப்படியே பலிக்கிறது. வருடம் முழுக்க, எந்த ராத்திரியிலும், ஏழு பேரும் மறையமாட்டார்கள். ஆவணியில் இங்கே கல்யாணம் வைத்திருந்தால் பொழுது சாய்ந்த கையோடு ரிஷிகள் மணலிப் பக்கம் இறங்கிவிடுவார்கள், அவசரமாகப் பார்க்கவேண்டி வந்திருக்கும். அந்த வகையில் எட்மன்டன் தேவலாம்.

வாட்ஸ்அப்பில் உன் பெரியம்மா ஒன்று அனுப்பியிருப்பாள். "வசிஷ்டரும் அருந்ததியும் ஒருவரை ஒருவர் சமமாகச் சுற்றுகிறார்கள், நம் முன்னோர் இதை அன்றே அறிந்தார்கள்" என்று. எனக்கு அது மூன்று குரூப்பில் வந்தது. அதை மாப்பிள்ளைக்குத் தள்ளிவிடாதே. இரண்டும் ஒன்றாகத்தான் நகர்கின்றன, அது சரி. ஆனால் அவர்களுக்கு நடுவில் இருப்பது ஒளியாண்டுக் கணக்கில் பேசவேண்டிய தூரம். சுற்றினாலும் ஒரு சுற்றுக்குப் பல லட்சம் வருடமாவது ஆகும், எந்த முன்னோரும் அதைப் பார்த்திருக்க முடியாது. பார்க்க முடிந்தது வேறு. சின்னத் தொலைநோக்கியில் வசிஷ்டர் இரண்டாகப் பிரிவார். தொலைநோக்கியில் இரட்டை என்று தெரியவந்த முதல் நட்சத்திரம் இவர்தான். 1617ல் கலிலியோவின் மாணவர் காஸ்தெல்லி பார்த்துவிட்டார். அந்த இரண்டில் ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஜோடி என்று 1889ல் ஹார்வர்டில், வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளை வைத்து எட்வர்ட் பிக்கரிங் அறிவித்தார். நிறமாலையைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு கோடு எப்போது இரண்டாகிறது, எப்போது ஒன்றாகிறது என்று ஆராய்ந்தவர் அன்டோனியா மோரி. பெயர் பிக்கரிங்குக்குப் போனது. பிற்பாடு அந்தம்மாள் தன் உழைப்புக்குத் தன் பெயரைப் போடச் சொல்லிச் சண்டை பிடித்தார், அதனால் எனக்குப் பிடிக்கும். மற்றொன்றும் ஜோடிதான். 2009ல் அருந்ததிக்கும் ஒரு சின்னத் துணை அகப்பட்டது. ஆக வசிஷ்டர் நாலு, அருந்ததி இரண்டு, மொத்தம் ஆறு. தனிக்குடித்தனம் இல்லை.

கிருதுவையும் மரீசியையும் விட்டுவிட்டால், நடுவில் உள்ள ஐந்து பேரும் ஒரே கூட்டம். ஏறக்குறைய 80 ஒளியாண்டு தூரத்தில் ஒரே திசையில் போகிறார்கள். நீ பார்க்கப்போகிற வெளிச்சம், உன் ஆயா பாவாடை கட்டிக்கொண்டு ஓடிய நாளில் கிளம்பியது.

திருவொற்றியூர் கோயிலில் 27 நட்சத்திர லிங்கங்களில் உன் மகத்தைத் தேடி நீ ஓடுவது ஞாபகம் இருக்கிறதா? ரிஷிகளுக்கு ஏன் அங்கே லிங்கம் இல்லை என்று கேட்பாய். அந்த 27ம் நிலா போகும் பாதையில் உள்ளவை. ரிஷிகள் வெகு வடக்கே, நிலா அந்தப் பக்கமே போகாது. ஆனால் மகத்தைக் காட்டிக்கொடுப்பது இவர்கள்தான். கிண்ணத்தில் காம்பு ஒட்டும் அத்ரியிலிருந்து அதற்குக் கீழே இருக்கும் புலஸ்தியருக்குக் கோடு போட்டுத் தெற்கே நீட்டினால் உன் நட்சத்திரத்தில் போய் நிற்கும். இந்த மாதம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அது நம்ம வீட்டு மாடிக்கு நேர் உச்சியில் நிற்கிறது.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கிறது, உன் மாமா வலை பின்னுகிற இடத்தில் சீட்டாடிக்கொண்டு இருக்கிறான். அவனை இழுத்துக்கொண்டு பழவேற்காடு போனேன். அங்கே சென்னை வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடுகிறது, வடக்கு இருட்டாக இருக்கிறது. மணலில் ஏற்றிப் போட்டிருந்த ஃபைபர் படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பைனாகுலரைப் பிடித்தேன். கொசு பிடுங்கி எடுத்தது. புலஸ்தியரிலிருந்து கிருதுவுக்குக் குறுக்கே கோடு போட்டு, அதே தூரம் இன்னும் போனால் இரண்டு புகைத்திட்டு. ஒன்று உருண்டை, மற்றது மெலிந்த கீற்று. வானியல் பட்டியலில் எம் 81, எம் 82 என்று பெயர். இரண்டும் நம்ம பால்வெளி மாதிரித் தனித்தனி விண்மீன் மண்டலங்கள், 1774ல் போடே என்கிற ஜெர்மானியர் கண்டுபிடித்தவை. தூரம் சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு. மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தும்மல் சாரலுக்கா பெட்ரோல் போட்டுக் கூட்டினு வந்தே?" என்றான். ஆனால் அதற்கப்புறம் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை.

அந்தக் கீற்றுக்குள் பெரிய கலவரம் நடக்கிறது. பெரியவள் எம் 81 பக்கத்தில் வந்துபோன இழுப்பில் வாயு கலங்கி, புது நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கின்றன. 2014 ஜனவரியில் லண்டனில் ஒரு வாத்தியார், ஸ்டீவ் ஃபாசி, மாணவர்களுக்குத் தொலைநோக்கியைப் பழக்கிக்கொண்டு இருந்தார். மேகம் மூட வந்ததால் தெரிகிற பக்கம் திருப்பினார், எம் 82 வந்தது. அதில் முன்பில்லாத ஒரு நட்சத்திரம்! வெடித்த நட்சத்திரம். செய்முறை வகுப்பில் கிடைத்த சூப்பர்நோவா. என் சர்வீஸில் லிட்மஸ் தாள் நிறம் மாறியதற்கே பிள்ளைகள் கத்துவார்கள்.

இந்தப் பக்கம் பார்க்க இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன். அத்ரியிலிருந்து துருவன் பக்கமாகக் கொஞ்சம் மேலே வெறும் இருட்டு. நிலாவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம். பால்வெளியின் தூசியும் கூட்டமும் இல்லாத திசை, பூமி குறுக்கே வந்து மறைக்காமல், விண்வெளியில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கி தொடர்ந்து பார்க்கக்கூடிய திசை. அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1995 டிசம்பரில் பத்து நாள் விடாமல் பார்த்து 342 படம் எடுத்தார்கள். ஹபிளின் நேரத்துக்கு உலகமெங்கும் வரிசையில் நின்றபோது, இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ் தன் பொறுப்பில் இருந்த நேரத்தை ஒன்றுமில்லாத இடத்தில் செலவழித்தார். வீண் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். படத்தைச் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 3,000 விண்மீன் மண்டலங்கள். நீயும் மாப்பிள்ளையும் அருந்ததியைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். ஒன்றும் தெரியாது. பரவாயில்லை.

கல்யாணம் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே பழகிக்கொள், இப்போது அங்கே ராத்திரி பதினோரு மணிக்கு ரிஷிகள் உச்சந்தலைக்கு மேலே இருப்பார்கள். ஜூன் வந்தால் உங்க ஊரில் ராத்திரியே ஒழுங்காக இருட்டாது. குல்லா போட்டுக்கொண்டு போ.

மாப்பிள்ளை வீட்டில் பைனாகுலர் இருக்கிறதா என்று கேட்டுச் சொல். இல்லையென்றால் என்னுடையதைக் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுத்தாயிற்று. நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தால் அங்கே ஏர்போர்ட்டில் விடுவார்களா, பிடுங்கிக்கொள்வார்களா? அப்பா எடுத்துக்கொண்டு வந்தே தீருவேன் என்கிறார். விசாரித்து உடனே போன் பண்ணு.

அம்மா