உறவினர்களைத் திட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்கால நோய்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஆஸ்பத்திரிக்குள் காலரா பரவ உறவினர்கள் கூட்டமாக வந்து போவதே காரணம் என்று ஒரே வரியில் சோலியை முடித்துவிட்டார் கட்டுரையாளர். அவர் ஒரு ராத்திரியாவது வயிற்றுப்போக்கு வார்டில் துணைக்கு இருந்திருப்பாரா? நான் இருந்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதினால் நீங்கள் போட மாட்டீர்கள், அதனால் விடுகிறேன்.

எங்கள் அத்தைக்கு அரிசி கழுவின தண்ணி மாதிரி போய்க்கொண்டே இருந்தது. வாளியை எடுத்துக் கொட்ட ஆள் கிடையாது, நான்தான் கொட்டினேன். கை கழுவப் போனால் தாழ்வாரத்துக் கடைசியில் ஒரே ஒரு குழாய். அதில் ஒருத்தர் வாளி அலசுகிறார், அவர் நகரும் முன்னே இன்னொருத்தர் தூக்குச்சட்டியை நீட்டிக் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறார். சோப்பு கேட்டதற்கு, "வீட்டுல இருந்து கொண்டு வரலையாக்கும்?" என்றார்கள். கூட்டி அள்ளுகிற அக்காவுக்குக் கையுறையே இல்லை, "ரெண்டு மாடிக்கும் ஒரே மாப்புதான் தாயி" என்றார். அவரும் ஒப்பந்தக் கூலிதான், யாரிடம் போய்க் கேட்பார்?

காலரா காற்றில் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? 1854-லேயே லண்டனில் டாக்டர் ஜான் ஸ்னோ ஒரு தெருப் பம்பைக் காட்டித் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட்டார். மலமும் வாந்தியும் கை வழியாகவோ தண்ணீர், சாப்பாடு வழியாகவோ வாய்க்குள் போனால்தான் நோய். அதற்குத்தான் நடுவில் ஓட்டை போட்ட கட்டில், அடியில் வாளி, கழிவுக்கு 2 சதவீதக் குளோரின் கரைசல், தரைக்கு 0.2, கைக்கு 0.05 என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து இந்தக் கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நான் பார்த்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டை மாடிப்படிக்கு அடியில் வாய் திறந்து, ஈரம் பட்டுக் கட்டி கட்டியாகக் கிடந்தது. கிட்டே போய் மோந்தாலும் நெடி இல்லை. அதைக் கலக்கி என்ன, கலக்காமல் என்ன.

அப்புறம் இந்தப் பவுடர் விஷயம். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் ரோட்டோரம் வெள்ளைக் கோடு இழுப்பார்கள், நீங்களும் படம் எடுத்துத் 'தீவிர நடவடிக்கை' என்று போடுவீர்கள். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோதும் இதே கதைதான். தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை மட்டும் பாதியாக வெட்டினீர்கள். சரி, இடம் இல்லை என்பீர்கள். நகைக்கடை விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருக்கிறதே!

உறவினர் என்றால் அவ்வளவு இளக்காரமா? 1971-இல் மேற்கு வங்கத்துப் பங்கானில், வங்கதேச அகதிகளுக்குக் காலரா கண்டபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கூட இருந்தவர்கள் கையில்தான் கொடுத்தார். அவர்கள் ஊட்டி ஊட்டித்தான் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. உங்கள் கட்டுரையாளர் அங்கே இருந்திருந்தால் எல்லோரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஒரு மூலையில், வாளி அலசுகிற குழாயும் குடிதண்ணீர்க் குழாயும் வேறு வேறாக இருக்க வேண்டும், கை கழுவுகிற இடத்தில் சோப்பு வைக்க வேண்டும் என்று ரெண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் வேண்டும் என்றால் மேலே உள்ளதை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வீரவநல்லூர்