செராம்பூர் பட்டம் கொடுத்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் வரவேண்டும் என்று போன கிழமை இந்தப் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல ஆசைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு உதாரணமாக வங்காளத்தில் உள்ள செராம்பூர்க் கல்லூரியைக் காட்டி, 1818இல் தொடங்கிய நாளிலிருந்தே அங்கே பட்டம் கொடுக்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது அப்படி நடக்கவில்லை.

செராம்பூர் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பெரியப்பா மெதடிஸ்த போதகர், பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்தவர். கல்லடி வீட்டு விறாந்தையில் அவருடைய பட்டச் சான்றிதழ் பிரேம் போட்டுத் தொங்கும், அதில் செராம்பூர் என்று இருக்கும். சின்ன வயதில் அது சம்மாந்துறைக்கு அங்கால எங்கேயோ உள்ள ஊர் என்றுதான் நினைத்திருந்தேன். கண்டிப் பக்கம் படித்தவருக்கு வங்காளத்தில் இருந்து ஏன் பட்டம் வருகிறது என்று கேட்கிற வயது வந்தபோது அவர் எனக்குக் கதையைச் சொன்னார்.

கல்கத்தாவுக்குக் கிட்ட, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் செராம்பூர் அந்தக் காலத்தில் டென்மார்க்காரரின் ஊர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிமாரைக் கண்ணில் காட்டக்கூடாது என்பதால் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்ட் மூன்று பேரும் அங்கே போய் ஒதுங்கினார்கள். 1818இல் கல்லூரியைத் தொடங்கியபோது மாணவர்கள் 37 பேர், அதில் இந்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். 1827இல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடெரிக் அரச சாசனம் கொடுத்தார்: கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களைப் போலவே பட்டம் வழங்கும் உரிமை. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றபோதும் அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் காப்பாற்றினார்கள்.

சரி, அந்த உரிமையை வைத்து என்ன செய்தார்கள்? நெடுங்காலம் ஒன்றுமே இல்லை. கலைப் பாடப் பிள்ளைகள் 1857இலிருந்து கல்கத்தாப் பல்கலைக்கழகச் சோதனைதான் எழுதினார்கள், 1883இல் அந்தப் பிரிவையும் மூடிவிட்டார்கள். ஜோர்ஜ் ஹவல்ஸ் என்ற அதிபர் 1910இல் அந்தப் பழைய சாசனத்தைத் தூசு தட்டி எடுத்தார், 1915இல் முதன்முதலாக இறையியல் பட்டம் கொடுத்தார்கள். எத்தனை பேருக்கு? மூன்று பேருக்கு. சாசனம் கைக்கு வந்து 88 வருசம் கழித்து! 1918இல் வங்காள அரசு அதற்கென்று ஒரு சட்டமும் போட்டது.

அதற்குப் பிறகுதான் வளர்ச்சி, அதுவும் கட்டடத்தால் வந்த வளர்ச்சி இல்லை. வேறு வேறு சபைகளின் இறையியல் கல்லூரிகள் தங்கள் ஊரிலேயே படிப்பித்து, செராம்பூரின் பாடத்திட்டத்தையும் சோதனையையும் ஏற்றுக்கொண்டன. 1963இல் மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து தொடங்கிய பிலிமத்தலாவைக் கல்லூரியும் அந்த வரிசையில் சேர்ந்தது. பெரியப்பா போன்றவர்கள் ஹூக்ளி ஆற்றைக் கண்ணால் காணாமலே செராம்பூர்ப் பட்டதாரி ஆனது இப்படித்தான்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி 1814இல், செராம்பூர்க் கல்லூரிக்கு நாலு வருசம் முந்தியே, இங்கே வந்து இறங்கிவிட்டார். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். எட்டு மாதம் பள்ளிக்கூடங்களைத் தொடங்கிக்கொண்டு திரிந்தார், 1815 ஏப்ரல் 1ஆம் திகதி அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் போட்ட விதைதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஆனால் கிழக்கில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று வர 1981 ஆயிற்று, அதுவும் வந்தாறுமூலையில், அரசாங்கத்தால். இடையில் 167 வருசம் நாங்கள் "முதல் ஆங்கிலப் பள்ளிக்கூடம்" என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தோம். (நானும் சொல்லியிருக்கிறேன், பழைய மாணவன் அல்லவா.)

ஆகவே அந்த வாசகரிடம் கேட்கிறேன்: பெயர்ப்பலகைக்கு முன்னால் படிப்பிக்க ஆட்கள் யார்? 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி அங்கீகாரம் கிடைத்தாலும் செராம்பூர் மாதிரிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதா? என்னைக் கேட்டால், முதலில் புளியந்தீவில் இரண்டு அறை எடுங்கள். மிஷன் காலத்து ஞானஸ்நானப் பதிவேடுகள், பழைய பள்ளிக்கூட வரவுப் புத்தகங்கள் எல்லாம் கறையான் அரிக்க முதல் அங்கே கொண்டுவந்து அடுக்குங்கள். பின்னேரத்தில் வாசிக்க விரும்புகிற பத்துப் பிள்ளைகள் வந்தால் போதும், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.

பெரியப்பாவின் சான்றிதழ் இன்னும் இருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் வீட்டுக்குள் வந்து போன பிறகு, சேற்றுக்குள் கிடந்த பிரேமைப் பெரியம்மா கண்டெடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை மதிலில் விரித்து நாலு மூலைக்கும் ஓட்டுத்துண்டு வைத்துக் காயவைத்தார். கையொப்பங்கள் ஊறிப்போய்விட்டன, செராம்பூர் என்ற பெயர் மட்டும் வாசிக்கலாம். பத்திரிகையில் போட விரும்பினால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

கல்லடி வாசகன்,
மட்டக்களப்பு