கவரில் எழுத இடம் போதாத நன்றி

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கவரின் மேல் காரணம் எழுத இரண்டு கோடுதான் போட்டிருப்பார்கள். போன ஞாயிறு "புது வேலை, புது வீடு கிடைத்ததற்காக" என்று எழுதிப் போட்டேன், ஐயர் (எங்கள் சபைப் போதகர்) வாசித்தார், எல்லோரும் ஆமென் சொன்னோம், முடிந்தது. ஆனால் அந்த இரண்டு கோட்டுக்குப் பின்னால் ஒன்றேமுக்கால் வருஷம் இருக்கிறது, அதில் சில மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போடாதே என்று எல்லோருமே சொல்லிவிட்டதால் முறை வைத்தே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆறு வருஷக் கல்யாண வாழ்க்கையை விட்டுவிட்டு ஒரே ஒரு பையோடு அயனாவரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். அங்கே நடந்ததை எழுதப்போவதில்லை. இங்கே வந்த பிறகு எனக்கு என்ன ஆனது என்று கேட்டால், கல்யாணத்தின்போது அண்ணன் வீட்டு ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுத்தாயிற்று, புகுந்த வீட்டுக் கார்டில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. இந்த வீட்டில் ஆள் இருக்கிறது, கார்டில் பெயர் இல்லை. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கமில்லாத ராத்திரியில் அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தால், நான் இல்லாமல் போனாலும் எந்தக் கணக்கும் மாறாது என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு உட்கார்ந்துகொண்டது.

அண்ணி, முதல் நன்றி உங்களுக்கு. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த அந்த நாட்களில் "எழுந்திரு, குளி, நாலு பேரைப் பார்" என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. தட்டை மூடித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். சாப்பிடாமல் விட்டால் எடுத்துவிட்டு அடுத்த வேளைக்கு வேறு தட்டு வைப்பீர்கள், முகம் சுளித்ததே இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் நீங்கள் தவித்த மாதங்கள் அவை என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்து, கோயிலைத் திறந்து, பெருக்கி, பூட்டும் கோயில்பிள்ளை அண்ணனுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வர எனக்குத் தைரியமில்லை, "சேர்ந்து வாழ வழியே இல்லையாம்மா" என்று கேட்பவர்கள் வாசலிலேயே நிற்பார்கள் (கேட்டவர்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், இன்னும் முழுசாக இல்லை). அதனால் வார நாட்களில் மத்தியானம் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவேன். 12 மணிக்குப் பூட்டவேண்டிய கோயிலை நீங்கள் பூட்டாமல், ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருப்பீர்கள். நான் அழுதால் அந்தப் பக்கம் போய்ப் பாட்டுப் புத்தகங்களை அடுக்குவீர்கள். ஒரு கேள்வி கேட்டதில்லை.

23சி கண்டக்டர் ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அவர் இதை வாசிக்கப்போவதில்லை. பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அயனாவரத்தில் ஏறி பெசன்ட் நகர் வரை போய், இறங்காமல் அப்படியே திரும்பி வருவேன், வீட்டில் இருக்காமல் இருந்தால் போதும் என்று. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அவர், "இவ்ளோ தூரம் வந்துட்டு மாதா கோயிலைப் பாக்காம போறியேம்மா" என்றார். நாங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பம், வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போகிற வழக்கமில்லை. போனேன். ஜெபம் வரவில்லை, கடல் காற்று வந்தது. அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம் ஒரு ராத்திரி, 2 மணி. 14416 என்ற எண்ணை அண்ணன் எதற்கோ ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தான். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை, இப்போது யோசித்தால் புரிகிறது, நன்றிடா அண்ணா. அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எடுத்த பெண் குரல் "எதுக்காக இப்படி நினைக்கிறீங்க" என்று ஆரம்பிக்கவில்லை, "இன்னிக்கு என்னம்மா சாப்பிட்டீங்க" என்று கேட்டது. அந்தக் குரலுக்கு நன்றி. மறுநாள் அண்ணன் கூடவே வந்து டாக்டரிடம் காட்டினான். கீழ்ப்பாக்கம் என்றாலே ஊரில் கிண்டல்தான், பள்ளிக்கூடத்தில் நானும் அப்படிக் கிண்டல் செய்தவள்தான். அதே வளாகத்தில் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போலவே டிபன் பாக்ஸும் குடையும் வைத்திருந்தார்கள்.

மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு, உபவாசம் இருந்தால் சரியாகும் என்று வீட்டுக்கு வந்தே சொல்லிப்போனவர்கள் உண்டு. அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட இருந்தேன். போதகர் ஐயா, நீங்கள் அன்று வசனம் எதுவும் சொல்லவில்லை, "நானும் சாப்பிட்டிருக்கேன்மா, ஒன்றரை வருஷம்" என்றீர்கள். இதை எழுதலாமா என்று கேட்டேன், தாராளமாக எழுது என்றீர்கள். எழுதிவிட்டேன்.

இனி டீச்சரம்மா. நீங்கள் செய்தது சுத்த ஏமாற்று வேலை. சண்டே ஸ்கூலில் எனக்குப் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர், 78 வயதில், "கண்ணு தெரியலடி, சாயங்காலம் வந்து வேதம் வாசிச்சுட்டுப் போ" என்று பொய் சொன்னீர்கள். கேடராக்ட் ஆபரேஷன் முடிந்து உங்களுக்குக் கண் நன்றாகவே தெரிகிறது என்பதை, வருஷக் கடைசி ராத்திரி வாட்ச் நைட் ஆராதனையில் என் வாக்குத்தத்த வசன அட்டையைக் கண்ணாடிகூட இல்லாமல் நீங்கள் வாசித்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

முதல் நாளே சங்கீதம் 88 எடுக்கச் சொன்னீர்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும், இதில் வராது, இருட்டிலேயே முடிந்துபோகிறது. "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "இதையும் யாரும் கிழிச்சுப் போடலையே" என்றீர்கள். கடவுளிடம் நல்லபடியாகத்தான் பேசவேண்டும் என்று நினைத்து வாயை மூடியிருந்தவள் நான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மொட்டை மாடியில் நின்று கர்த்தரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். மாதக்கணக்கில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

பிறகு 1 இராஜாக்கள் 19. சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு போதும், சாகிறேன் என்கிற எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் புத்தி சொல்லவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துவிடுகிறார்! திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அது முருங்கைக்கீரை போட்ட நம் அடை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தேன், அண்ணி ஞாபகம்.

அந்தக் குருவிக் கணக்கு மட்டும் கொஞ்சம் விவரமாக. லூக்கா 12 வந்தபோது நிறுத்தி, "மத்தேயுவில குருவி என்ன விலை?" என்றீர்கள். ஒரு காசுக்கு இரண்டு. "இங்க?" இரண்டு காசுக்கு ஐந்து. "கணக்கு சரியா வருதா?" வரவில்லை, நாலுதான் வரவேண்டும். "அப்போ அஞ்சாவது?" நான் தினமும் மார்க்கெட் போகிறவள், சட்டென்று வந்துவிட்டது. "கொசுறு டீச்சர்."

"ம். மேலே வாசி."

மேலே வாசித்தால், அவற்றில் ஒன்றுகூட தேவனால் மறக்கப்படுவதில்லை என்று இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம். ஆனால் கறிவேப்பிலை மாதிரி கூடப் போட்டுக் கொடுத்த குருவி, விலையில் ஏறாத குருவி, எந்தக் கார்டிலும் பெயர் இல்லாத குருவி ஒன்று அதற்குள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். வாசிக்க முடியவில்லை. நீங்கள் எழுந்துபோய் காபி போட்டீர்கள், அதுவும் சர்க்கரை போட மறந்துவிட்டீர்கள்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன். மாத்திரை இன்னும் ஓடுகிறது. வேலை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில், கல்யாணப் பத்திரிகைக் கடையில் பில் போடுவது. ஆமாம், நீங்களும் சிரிக்கலாம். வீடு வில்லிவாக்கத்தில் ஒற்றை அறை.

வருகிற வியாழன் மாலை 7 மணிக்கு அங்கே வீட்டு ஜெபம். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, டீச்சரம்மாவை நாற்காலியோடு தூக்கிவர இரண்டு பேர் வேண்டும், கோயில்பிள்ளை அண்ணன் ஒருவர், இன்னொருவர் கை தூக்குங்கள். அண்ணி, அன்றைக்கு நீங்கள் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. அடைக்கு நான் ஊறவைத்துக்கொள்கிறேன்.