பேரனுக்குப் புதியதையே வாங்கு

குன்னூர்

அன்பு மகளுக்கு,

பேரனின் பிறந்தநாளுக்குப் பழைய டிவி கேம் செட் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கலாமா, இல்லை அவன் நண்பர்கள் எல்லாரும் வைத்திருக்கிற பிளேஸ்டேஷன் 5 வாங்கலாமா என்று போனில் கேட்டாய். இங்கே மழை பிடித்துக்கொண்டதில் லைன் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. நான் சொன்னதில் பாதி உன் காதில் விழுந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியதை வாங்கு. டிஸ்க் போடுகிற வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கு. பழையது இங்கே நம் வீட்டில் இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ ஏன் பழையதை நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீயும் அண்ணனும் ஆடிய காண்ட்ரா என்ற சுடுகிற கேமில் ஓர் அருவிக் கட்டம் வரும். இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது ஒருவர் அவசரப்பட்டு மேலே தாவிக்கொண்டே போனால் திரையும் கூடவே ஏறும். பின்தங்கியவர் திரையின் விளிம்புக்குக் கீழே போய்ச் சாக வேண்டியதுதான். அந்த இடம் வந்தால் உன் அண்ணன் ஒரு பாறையில் நின்றுவிடுவான். நீ வந்து சேரும்வரை குதிக்க மாட்டான், சுட்டுக்கொண்டே நிற்பான். நாள் முழுக்க உன்னோடு மல்லுக்கு நிற்கிறவன் அங்கே மட்டும் உனக்காகக் காத்திருப்பான். சால்டரிங் வேலையை நிறுத்திவிட்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன் மகனுக்கும் அப்படி ஒன்று வாய்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். நியாயமான ஆசை. ஆனால் கண்ணு, அதைக் கொடுத்தது அந்தப் பெட்டி இல்லை. ஒரே திரை, இரண்டு ஜாய்ஸ்டிக், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார ஓர் ஆள். இவ்வளவும் புதியதிலும் கிடைக்கும்.

பழைய வேலையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே. 1985இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் கேம் மொத்தமுமே 40 கிலோபைட்தான். நீ வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பேரன் போட்டோ ஒன்று அதைவிடப் பெரியது. இடம் போதாததால், மேகத்துக்கு வரைந்த படத்தையே நிறம் மாற்றித் தரையில் புதராகவும் வைத்தார்கள். அடுத்த முறை ஆடும்போது நிறுத்திப் பார்: மேலே மிதப்பதும் கீழே முளைத்திருப்பதும் ஒரே வடிவம். அவ்வளவு சிக்கனத்தில் அவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டினார்களே, அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு இன்றும் நான் தலைவணங்குகிறேன். சுவிட்சைப் போட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். அப்டேட் கேட்காது, பாஸ்வேர்டு கேட்காது, பணம் கேட்காது.

ஆனால் ஆட்டம் வேறு, அதை ஓட்டுகிற கருவி வேறு. கருவியைப் பற்றி நான் சொல்வதைக் கேள்.

அன்று நம் ஊர்ப்பக்கம் விற்ற செட்டுகள் பெரும்பாலும், 1983இல் நிண்டெண்டோ கம்பெனி ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் செட்டைப் பார்த்துச் செய்த நகல்கள். பின்னால் வந்த மலிவான செட்டுகளைத் திறந்தால் கால் வைத்த சிப்பு என்று ஒன்றும் கண்ணில் படாது. போர்டின் நடுவில் கறுப்புப் பசையில் ஒரு பொட்டு இருக்கும்; எல்லாம் அதற்குள். அது போய்விட்டால் அந்தப் போர்டோடு கதை முடிந்தது, சால்டரிங் அயர்னுக்கு அங்கே வேலை இல்லை. மற்றக் கோளாறுகளைச் சரிசெய்யலாம். கண்டன்சர் உப்பியிருந்தால் மாற்றலாம், கேசட் செருகுகிற வாயில் கம்பிகள் தளர்ந்திருந்தால் நிமிர்த்தலாம். கேசட் எடுக்கவில்லை என்றால் எல்லாப் பிள்ளைகளும் வாயால் ஊதுவார்கள், நீயும் ஊதுவாய். கழற்றி மறுபடி செருகும்போது தொடுமுனை சரியாக உட்கார்ந்துவிடும், படம் வந்துவிடும்; ஊதியதால் வந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். மூச்சில் உள்ள ஈரம் அந்தச் செம்புப் பட்டைகளில் படிந்து அவற்றை மெல்ல அரிக்கும். குன்னூரில் ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு; காற்றிலேயே போதுமான ஈரம். தோல் பையில், புத்தக அட்டையில், கேமரா லென்சில் எல்லாம் பூஞ்சணம் பூக்கிற ஊர் இது. அதனால்தான் நான் கேசட்டுகளை அலமாரியில் வைத்து, ஒரு சின்ன பல்பை எரியவிட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றின் பட்டையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கிறேன். பஞ்சில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

உன் ஊரில் இவ்வளவு ஈரம் கிடையாது. ஆனால் நீ வாங்கப் போகிற பழைய செட் இத்தனை வருடம் யார் வீட்டுப் பரணில், எந்த ஈரத்தில் கிடந்தது என்று உனக்கு யார் சொல்வார்கள்? ஜப்பானில் இருந்தோ அமெரிக்காவில் இருந்தோ வரவழைத்த அசல் என்று ஒருவன் விற்பான். அதோடு வரும் அடாப்டர் அங்கத்திய 100, 120 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது. நம் 230இல் செருகினால் புகைதான் வரும்.

அடுத்தது டிவி. நீ துப்பாக்கியை வைத்து வாத்து சுடுகிற கேம் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டாய். டக் ஹண்ட் உன் வீட்டு எல்.இ.டி. டிவியில் ஆடாது. துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் வாயில் வெளிச்சத்தை உணரும் ஒரு சென்சார் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று வரும். சென்சார் அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய டியூப் டிவியில் சிக்னல் வந்த நொடியே திரையில் படம் எழுதப்படும். இப்போதைய டிவி படத்தை உள்வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். அந்தச் சிறு தாமதத்தில் வெள்ளைக் கட்டம் வருவதற்குள் கேம் பார்த்து முடித்துவிடும். பேரன் நேராகக் குறிவைத்துச் சுடுவான், வாத்து பறந்துகொண்டே இருக்கும். அதற்காக ஒரு டியூப் டிவியைத் தேடி வாங்கவும் போகாதே. படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அந்த வோல்ட்டை உண்டாக்குகிற எல்.ஓ.டி. டிரான்ஸ்ஃபார்மர் போனால் மாற்றித் தர உன் பக்கத்தில் ஆள் வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி இஞ்சின் இன்றும் ஏறி வருகிறது. ஏறுவதற்குக் காரணம், ஸ்டேஷனை ஒட்டி லோகோ ஷெட் இருக்கிறது, அதற்குள் அந்த இஞ்சினின் மூச்சு தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். பழைய கேம் செட்டும் அப்படி ஒரு ஷெட்டுக்குப் பக்கத்தில்தான் உயிரோடு இருக்கும். உன் அடுக்குமாடியில் அது இல்லை. இங்கே இருக்கிறது, நான் இருக்கிறேன்.

இணையத்தில் விற்கிற புதுப் பழசைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னப் பெட்டி, ஆயிரக்கணக்கில் கேம் என்று அட்டையில் போட்டிருக்கும். 9999 கேம் என்று எழுதி விற்ற அந்த நாள் கேசட்டின் தம்பி அது. ஒரே கேமைப் பெயர் மாற்றி, நிறம் மாற்றித் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பார்கள். வேண்டாம். நிண்டெண்டோவே 2016இல் முப்பது கேம்களை உள்ளேயே வைத்து, எச்.டி.எம்.ஐ. வயரோடு ஒரு குட்டிப் பெட்டி வெளியிட்டது. நல்ல வேலைப்பாடு. ஆனால் இப்போது அது தயாரிப்பில் இல்லை, அந்தப் பெயரில் போலிகள் நிறைய உலாவுகின்றன.

மாப்பிள்ளை நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கேம் கருவியைப் பற்றிக் கேட்டார். நல்ல கருவிதான், அதன் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி இரண்டு பேர் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாம், எனக்கு அது மிகவும் பிடித்தது. ஆனால் நிண்டெண்டோ இந்தியாவில் அதை நேரடியாக விற்பதில்லை, வரவழைத்து விற்கிற கடைகளில்தான் கிடைக்கிறது. நாளைக்குப் பழுதானால் யாரிடம் கொண்டுபோவீர்கள்? ரிப்பேர்காரன் மனத்துக்கு அது ஒத்துவரவில்லை.

புதியதிலும் எனக்குக் கவலை உண்டு. அதனால்தான் டிஸ்க் என்று அழுத்திச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 5இல் டிஸ்க் டிரைவ் உள்ளதும் வருகிறது, டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷனும் வருகிறது. டிஜிட்டல் கொஞ்சம் விலை குறைவு. அந்த விலைக் குறைவுக்கு மயங்காதே. டிரைவ் இல்லாவிட்டால் கேமை அந்தக் கம்பெனியின் ஆன்லைன் கடையில் மட்டுமே வாங்க முடியும். படித்து முடித்த புத்தகத்தைக் கொடுப்பதுபோல் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்க முடியாது, பழைய பொருளாக விற்கவும் முடியாது. கடை என்றால் ஒருநாள் மூடும். நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு கேம் கருவிகளுக்குமான ஆன்லைன் கடையை 2023 மார்ச் 27ஆம் தேதி மூடினார்கள்; அதன் பிறகு அங்கே புதிதாக ஒரு கேமும் வாங்க முடியாது. யூபிசாஃப்ட் கம்பெனியின் தி க்ரூ என்ற கார் பந்தய கேமை 2024 மார்ச் 31ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். கம்பெனியின் சர்வர் இல்லாமல் அது ஓடாது, ஆகவே டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கையிலும் அது ஒரு வெறும் தகடு. ஆகவே டிஸ்க்காக இருந்தாலும், இணையம் இல்லாமல் ஆட முடியுமா என்று ஒவ்வொரு கேமுக்கும் விசாரித்து வாங்கு. நான் மனமாரக் கோபப்படுகிற விஷயம் இது. காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்றவனே வந்து அணைத்துவிட்டுப் போகலாம் என்றால் அதை விற்பனை என்று எப்படிச் சொல்வது?

2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடைகளில் விற்பனைக்கே இல்லையாம். அதைப் படித்த பிறகு நம் அலமாரியில் உள்ள கேசட் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிலவற்றுக்குள் பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கும், விளையாடிய இடத்தை நினைவில் வைத்துக்கொள்வதற்கு. அது தீர்ந்தால் நினைவும் போய்விடும். தீர்ந்தவற்றுக்கெல்லாம் மாற்றிக்கொண்டு வருகிறேன்.

நல்லவேளையாக, காண்ட்ராவுக்கு அந்தக் கதி இல்லை. அதைச் செய்த கொனாமி கம்பெனி 2019இல் பழைய காண்ட்ரா கேம்களை ஒன்றாகச் சேர்த்து காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் என்று வெளியிட்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது. 4இன் கேம்களில் மிகப் பெரும்பாலானவை 5இலும் ஓடும். அருவிக் கட்டமும் அதில் இருக்கிறது. முதல் நாளே அதைப் போட்டு நீ அவனோடு உட்கார். நீ மேலே ஏறியதும் நின்று அவனுக்காகக் காத்திரு. நிற்காமல் போய்ப் பார்த்தாலும் சரி, அவன் போடுகிற சத்தம் குன்னூருக்குக் கேட்கும்.

அவன் நண்பர்கள் பேசுகிற கேமையும் அவன் ஆடட்டும். அவன் வகுப்பில் எல்லாரும் ஒன்றைப் பற்றிப் பேச, அவன் மட்டும் அம்மாவின் காலத்துக் கேமோடு ஒதுங்கி நிற்கக் கூடாது. உனக்கு நாங்கள் எங்கள் காலத்துப் பல்லாங்குழியை மட்டும் கொடுத்து நிறுத்தவில்லை. நீ கேட்டபோது அன்று புதிதாக இருந்ததைத்தான் வாங்கித் தந்தோம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: இரண்டாவது ஜாய்ஸ்டிக்கையும் சேர்த்தே வாங்கு, பிறகு வாங்கலாம் என்று விடாதே. பெட்டியை ஹாலில் வை, அவன் அறையில் வேண்டாம். உன் வங்கி அட்டையை அதில் பதிவு செய்து வைக்காதே. கேமுக்குள் சட்டை வேண்டும், துப்பாக்கி வேண்டும் என்று பிள்ளைகளிடம் காசு பிடுங்குகிற வேலை இப்போது அதிகம். பெரிய கேம்கள் நூறு ஜிபியைத் தாண்டுகின்றன, ஆகவே இணையத் திட்டம் தாங்குமா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். பில்லைப் பத்திரப்படுத்து. டிவி அலமாரிக்குள் திணிக்காமல், பின்பக்கம் காற்றுப் போக இடம் விட்டு வை. சூடு அடங்கினால்தான் உள்ளே இருப்பது நீடிக்கும்.

மே மாதம் வரும்போது பேரனுக்கு டியூப் டிவியில் வாத்து சுடக் கற்றுத் தருகிறேன். துப்பாக்கியின் லென்சைத் துடைத்தாகிவிட்டது, விசையின் ஸ்பிரிங் மட்டும் மாற்ற வேண்டும்.

அம்மா பாதிப் பணம் நாம் தர வேண்டும் என்கிறாள். எனக்கும் அதுதான் எண்ணம். கடையில் விலை கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய். மாப்பிள்ளை வேண்டாம் என்பார், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா